பிரேக் பிடித்துப் பார்ப்பவர்

அவருடைய கைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. முகம் அதற்கப்புறம்தான். அகலமான கை, வேர்க்கடலை ஓடு மாதிரி சொரசொரத்த விரல்கள். எந்த சைக்கிளைக் கண்டாலும் அந்தக் கை போய் பிரேக்கைப் பிடித்துவிடும். சைக்கிள் யாருடையது, அதன் மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, அவருக்கு அவசரமா என்பதெல்லாம் அந்தக் கைக்குப் பொருட்டில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்து அமுக்குவார். அமுக்கியபடியே சைக்கிளை முன்னால் தள்ளுவார். சக்கரம் உருளாமல் மண்ணில் இழுபட்டால் விட்டுவிடுவார். உருண்டுவிட்டால், தலையைக்கூடத் தூக்காமல் ஒரு கேள்வி வரும்.

"நிக்குமா?"

ஜவ்வாது மலையில் நாங்கள் குடியிருந்த ஊருக்குக் கொஞ்சம் கீழே, ரோடு இறங்க ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு செக்போஸ்ட் இருந்தது. தகரக் கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த இரும்புக் கம்பம். சந்தனக்கட்டை கடத்துகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்த கம்பம் அது. அவர் அங்கே தினக்கூலிக் காவலர். லாரி வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுக் கம்பத்தைத் தூக்குவார். பஸ் வந்தால் பார்க்காமலே தூக்குவார். சைக்கிள் வந்தால் மட்டும் கம்பம் அசையாது.

பால்காரர் ஒருவர் தினமும் அவரோடு மல்லுக்கு நிற்பார். நான் ஆபீசுக்கு நடந்து போகும்போது மேலேயிருந்தே அந்தச் சண்டை கேட்கும்.

"யோவ், நான் இன்னா சந்தனக்கட்டையா ஏத்திக்கினு போறேன்? கேன்ல பால்யா, பாலு!"

"நானும் கட்டையத்தான் பாக்கறேன். பிரேக்குக் கட்டை கீதா, தேஞ்சி போச்சா?"

"நேத்துதானய்யா பாத்தே?"

"நேத்து நேத்தோட போச்சு. இன்னிக்கி நிக்குமா?"

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'பிரேக்கு' என்பார்கள். "பிரேக்கு இன்னிக்கி டூட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிள்காரர்கள் புறப்படுவார்கள். அவர் ஏன் இப்படி என்பதற்கு டீக்கடையில் ஒரு கதை இருந்தது, ஜீப் ஸ்டாண்டில் வேறொரு கதை இருந்தது. அவருடைய தம்பி உருண்டு போனான் என்றார்கள். இல்லை, மாமனார் என்றார்கள். ஒருநாள் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். "அப்பிடில்லாம் ஒண்ணியும் இல்ல. எறக்கத்துல வூடு கட்டிக்கினு கீறோம், பாக்க வாணாமா?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கும் இன்றுவரை தெரியாது.

*

எங்கள் குடும்பம் படவேட்டுப் பக்கம். நெல்லும் கரும்பும். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கீழேயே இருந்தார். எனக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது மகளை என்னோடு அழைத்துக்கொண்டு போனேன். அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் கீழே, சில வளைவுகள் இறங்கிப் போக வேண்டும். காலையில் பஸ் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஜீப்பில் ஆள்மேல் ஆள். பிதுங்கிக்கொண்டு போகிற கூட்டத்துக்குள் பெண்பிள்ளையை ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். காலையில் இறக்கம், ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். சாயங்காலம் சைக்கிளை ஜீப்பின் மேல் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். அங்கே பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

வேலூரில் கடைக்குப் போனோம். மகள் வான நீலத்தில் ஒன்றைக் காட்டினாள். டவுனில் கடைக்கும் டியூஷனுக்கும் ஓட்டிப் போகிற சாதாரண லேடீஸ் சைக்கிள். அதற்கு மேல் என்னென்ன மாட்டுவது என்பதில்தான் எனக்கு நேரம் போனது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கிவிடுமோ என்று ஒரு வலை. பின்னால் லாரி வந்தால் தெரியாதே என்று இரண்டு பக்கமும் கண்ணாடி. மழையில் நேரமாகி இருட்டிவிட்டால் என்று லைட். யாராவது எடுத்துப் போய்விட்டால் என்று பூட்டு. புத்தகப் பை முதுகை அழுத்துமே என்று முன்னால் கூடை. எத்தனை வகைப் பயம் இருந்ததோ அத்தனை உதிரிப்பொருள் வாங்கினேன். கடைக்காரர் சந்தோஷமாக மாட்டிக்கொண்டே போனார். பிரேக்கைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சைக்கிள் என்றால் அதில் பிரேக் இருக்கத்தானே செய்யும்.

அன்று சாயங்காலம் ஜீப்பின் மேல் கட்டிய சைக்கிளோடு செக்போஸ்ட்டுக்கு வந்தோம். ஜீப் நின்றது. மேலே தடதடவென்று சத்தம். வெளியே எட்டிப் பார்த்தால், அவர் பின்பக்க ஏணியைப் பிடித்து மேலே ஏறி, கட்டிக் கிடந்த எங்கள் சைக்கிளின் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

"யோவ் பிரேக்கு, எறங்குயா! நீ விழுந்தா உனுக்கு எவன் பிரேக் புடிக்கறது?" என்று டிரைவர் கத்தினார். ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச் சாமான்.

அவர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "டவுன் சைக்கிளும்மா இது. இந்தக் கண்ணாடி இன்னாத்துக்கு?"

"பின்னால வண்டி வந்தா தெரியணும்ல."

"பின்னால வர்றவன் ஆரன் அடிப்பான். முன்னாலதானே எறக்கம் கீது?" என்றார். பிறகு அவருடைய அந்தக் கேள்வி. "நிக்குமா?"

"புதுசுங்க" என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

*

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சில நாட்களில் மகள் சொன்னாள். "அந்த ஆளு தெனம் நிறுத்துறாரும்மா. சைக்கிளத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். காட்டு ரோடு, தனிக் கொட்டகை, தினமும் பிள்ளையை நிறுத்தி வைக்கிற ஓர் ஆண். கணவருக்கு போன் செய்தேன். "நாளைக்கே வர்றேன், நீ பேசாத" என்றார். அவர் வருகிறவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை அவளை முன்னால் அனுப்பிவிட்டு, தெரியாத மாதிரி பின்னால் நடந்தேன். கொட்டகைக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் நின்று பார்த்தேன்.

அவள் கம்பத்தருகே போய் நின்றாள். அவர் எழுந்து வந்தார். அவள் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "எறங்கு பாப்பா" என்றார். பிரேக்கை அமுக்கினார், தள்ளினார். "ம். ஏறு. மெதுவா உருட்டு." அவள் ஏறி உருட்டினாள். "புடி!" என்று திடீரென்று கத்தினார். நானே மரத்தடியில் திடுக்கிட்டேன். அவள் பிடித்தாள், நின்றாள். பின்னால் வரிசையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் போவதற்குக் கண்ணால் பார்த்தது போதாது. நேரே அவரிடம் போனேன்.

"எங்க பொண்ணு சைக்கிள்ல உங்களுக்கு இன்னா வேல?"

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப் போனது. ஒரு பெரிய மனிதர் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "நிக்குமான்னு பாத்தேன்" என்றார். கம்பத்தைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினார். கம்பம் மேலே போனது.

அன்று மத்தியானம் என் கணவர் வந்தார். போய்ப் பேசிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "தப்பா ஒண்ணுமில்ல. ஆளு கொஞ்சம் பேஜாரு, அவ்ளோதான். என் பைக்குக்கும் பிரேக் புடிச்சுப் பாத்துட்டுதான் வுட்டான்."

*

அவருக்கு சைக்கிள் பழுது பார்க்கத் தெரியும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. ஒரு நட்டைக்கூட அவர் ஒழுங்காக முறுக்கிப் பார்த்ததில்லை. சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை அவருடைய பிடியிலேயே மகளின் பின்பிரேக் ஒயர் பட்டென்று அறுந்துவிட்டது. அன்று அவளுக்குப் பரீட்சை. அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள். நான் ஓடினேன்.

"நீங்கதான் அறுத்தீங்க! தெனம் இந்த இழு இழுத்தா இரும்புகூட அறுந்துதான் போவும்."

"இங்க அறுந்துச்சு" என்றார் அவர். கையிலிருந்த ஒயர் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ அறுந்திருந்தா?"

"நீங்க இழுக்காம இருந்தா அறுந்தே இருக்காது!"

இதில் யார் சொன்னது சரி என்று இத்தனை காலம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவர் எங்கேயோ போய்ப் புது ஒயர் ஒன்று வாங்கி வந்து நீட்டினார். அது முன்பிரேக் ஒயர். பின்னால் மாட்ட நீளம் பற்றாது. அதைச் சொன்னதும், "ரெண்டும் வேறயா?" என்று கேட்டார்.

அதன்பிறகு வேலூர் போகும்போதெல்லாம் நான் சைக்கிள் கடைக்குள் நுழையாமல் திரும்பியதில்லை. முன் ஒயர், பின் ஒயர், பிரேக் கட்டை என்று வாங்கி மாவு டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். பிரேக் கட்டையில் கலர் கலராக இருந்தது. சைக்கிளுக்குப் பொருத்தமாக நீலத்தை மகள் எடுத்தாள். அதை மாட்டிய அன்று கம்பத்தருகே அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சோக்கா கீது. நிக்குமா?" என்றாராம். வீட்டுக்கு வந்து அவரைப் போலவே குனிந்து நடித்துக் காட்டினாள். அன்று நான் சிரித்தேன்.

பிரேக் பிடிக்காத சைக்கிளை அவர் திருப்பி அனுப்பமாட்டார். அதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் உண்ணிச்செடிக் கிளைகளை வெட்டிக் குவித்திருப்பார். அதில் ஒன்றை எடுத்து கேரியரில் கயிற்றால் கட்டிவிடுவார். கிளை பின்னால் ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வரும், சைக்கிள் வேகம் எடுக்காது. விறகு ஏற்றி இறங்குகிறவர்கள் மலையில் எப்போதும் செய்கிற வேலைதான் அது. விறகுக்காரர் செய்தால் சரி. எட்டாவது படிக்கிற பெண், மடித்துப் பின்னிய ஜடையோடு, பின்னால் புழுதி கிளப்பும் ஒரு வாலைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் இறங்குவதென்றால்?

"வாலு வந்துடுச்சு, வாலு" என்று பையன்கள் கத்துவார்களாம்.

அதனால் பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். செக்போஸ்ட் கண்ணிலிருந்து மறைந்ததும், இரண்டாவது வளைவில் இறங்கி, கயிற்றை அவிழ்த்துக் கிளையை ஓரமாக எறிந்துவிட்டுப் போனார்கள். தடுப்புச் சுவர் இடிந்து கிடந்த வளைவு அது. இடிந்த இடத்தில் கிளைகள் நாளுக்கு நாள் குவிந்து, காய்ந்து, பழுப்பாக ஒரு குன்று மாதிரி எழுந்தது. என் மகள் எறிந்ததும் அதில் உண்டு. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். அவரும் பார்த்திருப்பார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் புதுக் கிளை வெட்டிக் கட்டினார்.

*

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு வண்டி வாகனங்களைக் கழுவி, எண்ணெய் தொட்ட துணியால் துடைப்போம். அம்மிக்கல்லும் அரிவாள்மனையும்கூட அன்று பளபளக்க வேண்டும். சைக்கிளுக்கு ஹேண்டில்பாரில் தொடங்கி மட்கார்டு, ஸ்போக்கு, ரிம் என்று ஒன்று விடாமல் எண்ணெய்த் துணி போகும். பிறகு சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ரிம்மில்தான் பிரேக் கட்டை பிடிக்கிறது என்பது யாருக்கும் தெரியாததல்ல. சாமிக்கு முன்னால் நிறுத்துகிற வண்டியில் ஓர் இடத்தை மட்டும் மங்கலாக விட யாருக்கும் கை வராது.

நாங்கள் மலைக்குப் போன முதல் வருஷம், பூஜை விடுமுறை முடிந்த காலை, செக்போஸ்ட்டில் பெரிய ரகளை. அவர் கூடை நிறைய ரோட்டு மண்ணை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு சைக்கிளின் ரிம்மிலும் அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டே சண்டைக்கு நின்றார்.

"சாமி கும்புட்ட வண்டி மேல மண்ணப் பூசறியே, நீ நல்லா இருப்பியா?"

"எண்ணெ கீதுய்யா. நிக்காது."

"சந்தனத்த அழிச்சிட்டியே பாவி!"

"மேல பொட்டு அப்பிடியேதான் கீது. பாரு. சக்கரத்துல மட்டுந்தான்."

என் மகளின் நீல சைக்கிளும் அன்று மண்ணோடு போய், மண்ணோடு வந்தது. "மானமே போச்சும்மா" என்று அவள் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அடுத்த வருஷம் பூஜை முடிந்த காலை எனக்கு வேலூரில் மீட்டிங் இருந்தது. மகள் எனக்கு முன்னாலேயே கிளம்பினாள். முன்தினம் அவளே உட்கார்ந்து துடைத்த சைக்கிள். கூடை, கண்ணாடி, பெல் எல்லாம் மின்னியது. வாசற்படியிலிருந்து நான்தான் இறக்கிக் கொடுத்தேன். அவள் பெல்லை அடித்துக் காட்டிவிட்டுப் போனாள். பிறகு பஸ் வந்தது. ஏறி, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செக்போஸ்ட் வந்தது. கம்பம் ஏற்கெனவே மேலே நின்றுகொண்டிருந்தது. அதில் வாழைக்கன்று கட்டி, வாடிய மாலை தொங்கியது. கொட்டகை வாசலில் முன்பின் பார்த்திராத ஓர் இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு இல்லியா?" என்று டிரைவர் கத்தினார்.

"அவுங்க ஊர்ல சாவாம். அமிர்தி பக்கம் போய்ட்டாரு. ரெண்டு நாளு நான்தான்" என்றார் இளைஞர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஸ்ஸில் ஒருவர் சொன்னார், "அப்பாடா, இன்னிக்கி ஊரு நிம்மதியா எறங்கும்."

பஸ் திரும்பியபோது என் கை கம்பியில் வழுக்கியது. உள்ளங்கையைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. காலையில் சைக்கிளைத் தூக்கி இறக்கிய கை.

அப்போதுதான் அந்த மண் கூடை ஞாபகம் வந்தது. எண்ணெ கீதுய்யா, நிக்காது.

"அண்ணே, கொஞ்சம் ஜல்தியாப் போங்கண்ணே!"

"இந்த எறக்கத்துல இன்னாம்மா ஜல்தி?" என்றார் டிரைவர்.

"எம் பொண்ணு முன்னால சைக்கிள்ல போறா. எண்ணெ தடவியிருக்கு. பிரேக் புடிக்காது."

டிரைவர் வேகம் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இறங்கினார். நான் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தேன். மற்ற நாட்களில் அந்த ரோட்டில் கிளைகள் இழுத்துப் போன கோடுகள் இருக்கும். அன்று ரோடு சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை. முதல் வளைவில் அவள் இல்லை. வளைவின் வெளி ஓரத்தில், ரோட்டை விட்டு இறங்கிய ஒரு டயர் தடம் மட்டும் ஜல்லியைக் கிளறிக்கொண்டு போய்த் திரும்ப ரோட்டில் ஏறியிருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அவர் அப்படித் திரும்பியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது வளைவு. சுவர் இடிந்த இடம்.

பழுப்புக் கிளைக் குவியலுக்கு நடுவில் நீல மட்கார்டோடு ஒரு சக்கரம் வானத்தைப் பார்த்து நின்றது.

பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை. அவள் குவியலுக்குள் இடுப்பளவு புதைந்து உட்கார்ந்திருந்தாள். கை, கழுத்து, கன்னம் எல்லாம் முள் கீறிய சிவப்புக் கோடுகள். ஜடையில் காய்ந்த இலைகள். அவளுக்குப் பின்னால் குவியல் முடிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, மர உச்சிகள்தான் தெரிந்தன.

"பிரேக் புடிக்கலம்மா" என்றாள். அழவில்லை. "புடிச்சேன். புடிச்சிக்கினேதான் இருந்தேன்மா. அது போய்க்கினே இருந்துச்சு."

டிரைவரும் கண்டக்டரும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கிளைகள் அவளை விடாமல் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தன.

*

அவர் ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பு வாசலில் வந்து நின்றார். மொட்டை அடித்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார், கீறல்களைப் பார்த்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளிடம் போனார். முன்சக்கரம் கோணி, கண்ணாடிகள் உடைந்து, கூடை நசுங்கிக் கிடந்தது. குனிந்து, பழக்கம் போல இரண்டு பிரேக்கையும் அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய கையை எடுக்காமலே என்னைக் கேட்டார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்கும்போது பார்த்தேன். குவியல் முன்னைவிட உயர்ந்திருந்தது. பிள்ளைகள் எறிந்த மாதிரி தாறுமாறாக இல்லை. வெட்டிய முனைகள் பள்ளத்துப் பக்கமும் இலைப்பக்கம் ரோட்டைப் பார்த்தும் இருக்கும்படி யாரோ அடுக்கியிருந்தார்கள். கிளை கட்டிய சைக்கிள்கள் அங்கே நிற்பதும், பிள்ளைகள் அவிழ்த்து எறிவதும் அதற்குப் பிறகும் நடந்தது. என் மகள் மட்டும் பள்ளிக்கூட வாசல் வரை வாலோடு போனாள். பிரேக் நன்றாகப் பிடிக்கிற நாட்களில்கூட, அவளே கேட்டுக் கட்டிக்கொண்டாள்.

*

இப்போது வேலூரில் இருக்கிறோம். அவள் கல்லூரிக்கு அதே நீல சைக்கிளில்தான் போகிறாள். முன்சக்கரம் புதிது, ஒயர் புதிது, கட்டை எத்தனை முறை மாற்றினோமோ தெரியாது. கடைக்குப் போனால் கடைக்காரர், "லைட்டு, பெல்லு, கண்ணாடி ஏதாவது பாக்கறீங்களா மேடம்?" என்று கேட்பார். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். பயம் எனக்குக் குறையவில்லை. ஆனால் பிரேக் கட்டையை நகத்தால் அழுத்திப் பார்த்து எடுத்த பிறகுதான் மற்றதைப் பார்க்கிறேன். இது சமவெளி, ரோட்டில் மேடு என்று சொன்னால் பாலம் ஒன்றுதான். மகள் சிரிக்கிறாள். அவள் மறந்துவிட்டாள். மறந்துவிட்ட மாதிரி என்னிடம் காட்டிக்கொள்கிறாளோ என்னவோ.

அடுக்ககத்தில் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடம் இருக்கிறது. காலையில் இறங்கி மகளின் பிரேக்கை அமுக்கிப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பதையும் பார்த்துவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அதற்கடுத்ததையும். குழந்தைகளின் சைக்கிள்கள்தானே எல்லாம். போன வாரம் அப்படிக் குனிந்து நின்றபோது, முதல் மாடிப் பெண் படியில் இறங்கி வந்தாள். என்னைவிட இளையவள், புதிதாகக் குடிவந்தவள்.

"எங்க பொண்ணு சைக்கிள்ல உங்களுக்கு இன்னா வேல?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தப் பயமும் தெரியும். என் முகம் சுருங்கிப் போவதை என்னால் உணர முடிந்தது.

"நிக்குமான்னு பாத்தேன்" என்றேன்.

"நேத்தும் இத்தையே பண்ணிக்கினு இருந்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே?"

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். மலை, எண்ணெய், கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, குவியலுக்குப் பின்னால் தெரிந்த மர உச்சிகள். அதற்குள் அவள் என்னை விலக்கிவிட்டு, நிரூபிக்கிற மாதிரி, இரண்டு பிரேக்கையும் தானே அமுக்கி சைக்கிளை முன்னால் தள்ளினாள். சக்கரம் உருளவில்லை. சிமெண்டுத் தரையில் கிறீச்சென்று இழுபட்டது.

"பாருங்க, நிக்குது. போதுமா?"

"இன்னிக்கி நிக்குதும்மா" என்றேன். "நாளைக்கும் ஒருதடவ புடிச்சிப் பாருங்க."